கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடுமா? கள்ளியும் கக்டசும் ஒன்றா?

கவனிக்காமல் விட்டால் பார்வை போகலாம். உடனே கழுவி வைத்தியம் பார்த்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கண் தேறிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் கிளுவைக் கதியால்களோடு திருகுகள்ளியும் நிற்கிற வேலிகள் இன்னும் இருக்கின்றன. வேலி வெட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

திருகுகள்ளியில் பென்சில் தடிப்புக் கொப்பு ஒன்றை ஒடித்துப் பாருங்கள். வெட்டுவாயின் ஓரத்தில் பால் பொட்டுப் பொட்டாக அரும்பி, ஒன்றாகச் சேர்ந்து வழியும். பால்குழாய்களுக்குள் அழுத்தத்தோடு இருப்பதால்தான் கத்தி பட்டதும் முகத்தில் தெறிக்கிறது. விரலில் பட்டால் பிசின் மாதிரி ஒட்டும். வெறும் தண்ணீருக்குப் போகாது, சவர்க்காரம் வேண்டும்.

இந்தப் பால் அமிலம்போலச் சுடுகிற பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அதில் போர்பல், இன்ஜெனோல் வகை எஸ்டர்கள் என்ற வேதிப்பொருட்கள் இருக்கின்றன. நம் உயிரணுக்களில் 'புரதக் கைனேஸ் சி' என்றொரு நொதியம் உண்டு. அதை முடுக்கிவிட உடம்பே ஒரு சைகைப் பொருளை உண்டாக்கும். அது வந்த வேகத்தில் சிதைந்துவிடும். கள்ளியின் எஸ்டர் அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு லேசில் சிதையாது. நொதியம் ஓயாமல் வேலை செய்ய, அழற்சி ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் முதலில் எரிவும் கண்ணீருமாக இருந்த கண், முதல் 24 மணி நேரத்துக்குள் இன்னும் மோசமாகிறது. "இப்ப பரவாயில்லை" என்று படுத்துவிடுவது இதனால்தான் ஆபத்து.

இதே குடும்பத்துச் சின்னக் களை ஒன்றின் இன்ஜெனோல் எஸ்டரை, வெயிலால் வருகிற தோல் தடிப்புகளுக்கான பூச்சு மருந்தாக 2012இல் அமெரிக்கா அங்கீகரித்தது. தோல் புற்றுநோய் பற்றிய கவலையால் 2020இல் ஐரோப்பாவில் அது விலக்கப்பட்டது. அளந்து கொடுத்த மருந்துக்கே இந்தக் கதி என்றால், மருவுக்குக் கள்ளிப்பால் பூசுங்கள் என்று யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

சரி, கக்டஸ்? அது வேறு குடும்பம், அமெரிக்கக் கண்டங்களின் செடி. நம் நாகதாளி அந்த இனம். கீறினால் வெள்ளைப் பால் வராது. சதுரக்கள்ளி வறட்சிக்குப் பழகியதால் தோற்றத்தில் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். ஆனால் பாலை மட்டும் வைத்து முடிவு கட்டவும் கூடாது, எருக்கலையிலும் பால் உண்டு. பூவைப் பார்த்தால் சந்தேகமே வராது. பூச்சாடிகளில் வளர்க்கிற சிவப்பு யூபோர்பியாவும் ஒரு கள்ளிதான். அதில் நாம் இதழ் என்று நினைப்பது பூவடிச் செதில். நடுவில் உள்ள சின்னக் கிண்ணத்துக்குள் ஒரேயொரு பெண் பூ, சுற்றிலும் ஒற்றை மகரந்தக் கேசரமாகவே சுருங்கிப்போன ஆண் பூக்கள். இந்த அமைப்பு கள்ளி இனத்துக்கே உரியது.

பால் கண்ணில் பட்டால் கசக்க வேண்டாம். சுத்தமான தண்ணீரை 15 நிமிடமாவது விடாமல் வார்த்துக் கழுவி, எரிவு குறைந்தாலும் அன்றைக்கே கண் வைத்தியரிடம் போங்கள். என்ன செடியின் பால் என்பதையும் சொல்லுங்கள்.