நீச்சல் தெரிந்தால் சுனாமியில் தப்பிக்க முடியுமா?

நீச்சலை நம்பாதீர்கள். சுனாமியில் வருவது வெறும் தண்ணீர் இல்லை. படகு, மரம், தகரம், இடிந்த சுவர் எல்லாம் அடித்துக்கொண்டு வரும். அது வருமுன் மேட்டுக்குப் போய்விடுவதுதான் வழி.

இந்தோனேசியாவின் சிமலூ தீவில் 1907 சுனாமி ஏராளமானோரைக் கொன்றது. அதன்பின் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் ‘ஸ்மோங்’ (அவர்கள் மொழியில் சுனாமி) என்று கத்திக்கொண்டே மலைக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று, நிலநடுக்க மையத்துக்கு அவ்வளவு அருகில் இருந்தும், சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர்தான். சைரன் எதுவும் ஒலிக்கவில்லை.

நம் கரையில் நிலைமை வேறு. அன்று நாகப்பட்டினத்தில் பலருக்கு அதிர்வே தெரியவில்லை. அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதனால் இங்கே எச்சரிக்கைச் செய்தியை அலட்சியம் செய்யவே கூடாது. ஹைதராபாத்தில் 2007 முதல் அதற்கென்றே மையம் இயங்குகிறது.

கடல் திடீரென உள்வாங்கினால், துள்ளும் மீனைப் பொறுக்கப் போகாதீர்கள், ஓடுங்கள். பக்கத்தில் மேடு இல்லையா? உறுதியான கான்கிரீட் கட்டடத்தில் மூன்றாம் மாடிக்கு மேலே ஏறுங்கள்.

அப்புறம், முதல் அலை வடிந்ததும் வீட்டைப் பார்க்க இறங்கிவிடாதீர்கள். அடுத்தது அதைவிடப் பெரிதாக இருக்கலாம். அலைகள் பல மணி நேரம் தொடரும்.