ராணி எறும்பு சாப்பிடவில்லையா? தொந்தரவு செய்யாமல் இருங்கள்

கேள்வி: மழை விட்ட மாலையில் மாடிப்படியில் இறக்கை உதிர்ந்த பெரிய கட்டெறும்பு ஒன்று கிடைத்தது. 11 வயது மகன் அதை டெஸ்ட் ட்யூபில் வைத்திருக்கிறான். 18 நாளாக எதுவும் சாப்பிடவில்லை. போன வாரம் எட்டு முட்டைகள் இருந்தன, இப்போது மூன்றுதான். ஆன்லைனில் விற்கும் ஒருவர், "தனி ராணி பிழைக்காது, 30 வேலைக்கார எறும்புகளைச் சேர்த்து விடுங்கள், 1,200 ரூபாய்" என்கிறார். வாங்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: வாங்காதீர்கள். அந்த 30 எறும்புகளும் உங்கள் ராணியைக் கொன்றுவிடும். எறும்புக்கு உறவும் பகையும் வாசனைதான். ஒவ்வொரு புற்றுக்கும் தனி வாசனை உண்டு. ஒரே இனமாக இருந்தாலும் வேறு புற்று ராணியை அவை அந்நியமாகத்தான் பார்க்கும். ராணி செத்ததும் அதே ஆள் அடுத்த ராணியை விற்பார். இதுதான் அவருடைய வியாபாரம்.

பட்டினி பற்றிக் கவலை வேண்டாம். கட்டெறும்பு ராணி முதல் பிள்ளைகள் வரும்வரை சாப்பிடாது. இணைசேரப் பறந்து முடித்து இறக்கையை உதிர்த்தபின், இறக்கையை இயக்கிய தசைகள் அதற்குத் தேவையில்லை. அவற்றையும் உடம்பின் கொழுப்பையும் கரைத்துத்தான் புழுக்களுக்கு ஊட்டுகிறது. இப்போது சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் பூஞ்சைதான் பிடிக்கும்.

முட்டை குறைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் மகன் டார்ச் லைட் அடித்து அடிக்கடி எடுத்துப் பார்ப்பதாக இருக்கும். அதிர்வும் வெளிச்சமும் பட்டால் ராணி ஆபத்து என்று எண்ணித் தன் முட்டையைத் தானே தின்றுவிடும். ட்யூபை சிவப்பு செலஃபன் தாளிலோ கறுப்புத் துணியிலோ சுற்றி, யாரும் தொடாத அலமாரியில் வையுங்கள். வாரம் ஒருமுறை, அரை நிமிடம் பார்த்தால் போதும்.

ட்யூபையும் ஒருமுறை சரிபாருங்கள். 15 செ.மீ. நீளம் இருந்தால் அடியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதன்மேல் இறுக்கமான பஞ்சு, பிறகு ராணிக்கு நாலைந்து செ.மீ. இடம், வாயில் இன்னொரு பஞ்சு. தண்ணீர்ப் பகுதியில் காற்றுக்குமிழி இருக்கக் கூடாது. சூடு ஏறினால் குமிழி விரிந்து தண்ணீரைப் பஞ்சு வழியாக ராணி பக்கம் தள்ளிவிடும். மதுரை வெயிலில் இது கட்டாயம் நடக்கும். பஞ்சு மஞ்சளானால் பரவாயில்லை. அந்த அறையில் கொசுவத்தி, கொசு விரட்டும் மெஷின், எறும்புச் சாக்பீஸ் எதுவும் வேண்டாம். இவற்றில் இருப்பது பூச்சிக்கொல்லி, எறும்பும் பூச்சிதான்.

வெளியிலிருந்து சேர்ப்பதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைத் தப்பாகப் புரிந்துகொள்பவர்கள் அதிகம் என்பதால் நிறுத்திச் சொல்கிறேன். அதே இனத்தின் கூட்டுப்புழுவை, அதாவது பழுப்பு உறை போர்த்திய நீள உருண்டையை, ராணியிடம் வைத்தால் ஏற்றுக்கொள்ளும். உறையிலிருந்து வெளிவரும் எறும்பு தான் வெளிவந்த இடத்து வாசனையைத்தான் தன் வாசனையாகக் கொள்ளும். ஆனால் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். கூடவே ஒரு வளர்ந்த எறும்புகூட ஒட்டிக்கொண்டு வரக் கூடாது. வேறு இனமும் ஆகாது. கூரியரில் வருவது பாதி செத்திருக்கும், செத்த கூட்டுப்புழு ட்யூபையே அழுகவைக்கும். இதற்காகப் புற்றைத் தோண்டவும் வேண்டாம். ராணி முட்டையிட்டிருக்கிறது என்றால் இந்த உதவியே உங்களுக்குத் தேவையில்லை.

அடுத்து அந்த ஆள் ஜெல் பெட்டியை, அதாவது எறும்புகள் சுரங்கம் தோண்டுவதைப் பார்க்க ஜெல் நிரப்பிய பெட்டியை, காட்டுவார். ராணியில்லாத எறும்புகளோடு விற்கப்படும் அந்தப் பெட்டி, புது எறும்பு பிறக்க வழியில்லாமல் விரைவில் காலி. பிறகு "வெளிநாட்டு ராணி" என்பார். தொடவே தொடாதீர்கள். 2025-இல் கென்யாவில் சுமார் 5,000 ராணிகளை டெஸ்ட் ட்யூபில் அடைத்துக் கடத்த முயன்றவர்களுக்குத் தலா 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் விதித்தார்கள். உயிருள்ள பூச்சிகளை இந்தியாவுக்குள் கொண்டுவர முன் அனுமதி வேண்டும். சட்டம் இருக்கிறது, ஆனால் வலைதளத்தில் வெளிப்படையாக விற்பவரைக் கேட்க ஆளில்லை. வீட்டில் எறும்பு வளர்க்கும் ஒரு தாய் எந்த அலுவலகத்தில் விசாரிப்பது என்று எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதிவைக்கக்கூட யாருக்கும் மனமில்லை. திண்டுக்கல் கரந்தமலையில் 2022-இல், புது இடங்களில் பரவி ஆக்கிரமிக்கும் இனமான மஞ்சள் எறும்புகள் ஆடுமாடுகளைப் படுத்திய பாட்டைப் பார்த்த பிறகும் இதே நிலைதான்.

வெதுவெதுப்பான அறையில் முட்டையிலிருந்து முதல் வேலைக்கார எறும்பு வர ஐந்தாறு வாரம் ஆகும். அவை சின்னதாகத்தான் இருக்கும், அது நோயல்ல. அப்போது தொடங்குங்கள்: ஒரு பங்கு சர்க்கரைக்கு மூன்று பங்கு தண்ணீர், பஞ்சுத் துணுக்கில் ஒரு சொட்டு. வாரம் இருமுறை, கொசு பேட்டில் அடிபட்ட ஒரு கொசு அல்லது கடுகளவு வெந்த முட்டை மஞ்சள் கரு. ஸ்ப்ரே அடித்துச் செத்த பூச்சி வேண்டாம். மீதியை மறுநாளே எடுத்துவிடுங்கள். எறும்புகள் 20 ஆகும்வரை பெரிய கூட்டுக்கு மாற்ற அவசரப்படாதீர்கள். இடம் அதிகமானால் ஒரு மூலையில் குப்பை சேர்த்து, பூஞ்சை பிடிக்க வைத்துவிடும்.

இரண்டு மாதமாகியும் ஒரு புழுகூடத் தென்படாவிட்டால் ராணி இணைசேராததாக இருக்கலாம். பிடித்த இடத்திலேயே மகன் கையால் விடச் சொல்லுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு வேறொன்று கிடைக்கும், காசு கொடுக்காமலே.