மான் வேட்டைக்கு ஈட்டியும் மரவில்லும்: வாங்கும் முன் சில கேள்விகள்

துப்பாக்கியை வைத்துவிட்டு ஈட்டி, மரவில், எறிகோல் (நீண்ட அம்பைக் கொக்கியில் மாட்டி எறியும் கோல்) என்று பழைய ஆயுதங்களுக்கு வர நினைப்பவர்களின் கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒரே இடத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: வேட்டை உரிமம் இருக்கிறது, துப்பாக்கியில் சில வருடப் பழக்கமும் உண்டு. இப்போது ஈட்டியால் மான் வேட்டையாட ஆசை. இணையக் கடை ஒன்றில் நீளமான பளபளப்பு அலகும் கருப்புக் காம்பும் கொண்ட ஈட்டியைப் பார்த்தேன், விலையும் குறைவு. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் அனுப்பிய விற்பனைப் பக்கத்தை முழுக்கப் படித்தேன். தலைப்பில் "வேட்டை ஈட்டி" என்கிறார்கள், கீழே சின்ன எழுத்தில் "அலங்காரத்துக்கும் சேகரிப்புக்கும்" என்கிறார்கள். அந்த ஒரு வரி போதும். சுவரில் மாட்டச் செய்த பொருளுக்கும் ஓர் உயிர்மேல் பாய வேண்டிய பொருளுக்கும் உள்ள வித்தியாசம் படத்தில் தெரியாது, அது அலகும் காம்பும் சேரும் இடத்தில் இருக்கிறது. மலிவான ஈட்டிகளில் அலகின் அடியில் மெல்லிய கம்பி ஒன்றை வெல்டிங் வைத்து, காம்புக்குள் செருகிப் பசை ஊற்றி முடித்துவிடுவார்கள். விலாவில் பட்ட மான் திரும்பும்போது பக்கவாட்டில் வரும் விசையை அந்தக் கம்பி தாங்காது. காம்பு கீழே விழும், அலகை உடம்பில் சுமந்துகொண்டு மான் ஓடும். இது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நீங்கள் தேட வேண்டியது குழல் வைத்த அலகு. அதாவது அலகும் அதன் அடியில் உள்ள குழலும் ஒரே துண்டு இரும்பில் அடித்துச் செய்தவையாக இருக்க வேண்டும், காம்பின் நுனியைச் சீவி அந்தக் குழலுக்குள் இறுக்கமாக இறக்கி, குறுக்கே ஓர் ஆணி அடித்திருக்க வேண்டும். இரும்பு கார்பன் ஸ்டீலா, எந்த வகை, சூடாக்கி எப்படிப் பதம் ஏற்றியது என்று விற்பவரைக் கேளுங்கள். 1055, 1075, 5160 என்று ஏதாவது ஒரு எண் சொன்னால் மேற்கொண்டு பேசலாம், "நல்ல ஸ்டீல் சார்" என்பதோடு நிறுத்தினால் நகர்ந்துவிடுங்கள். கத்தி அளவுக்குக் கடினமாகப் பதம் ஏற்றியிருந்தால் எலும்பில் பட்டதும் உடையும், மென்மையாக விட்டிருந்தால் வளையும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஈட்டிக்குச் சரி.

அப்புறம் காம்பு. இதைக் கவனிக்காமல் வாங்குபவர்கள்தான் அதிகம். ஆஷ், ஹிக்கரி இரண்டும் காலங்காலமாக இதற்குப் பயன்படும் மரங்கள். ஆனால் மரத்தின் பெயரைவிட அதன் ரேகை முக்கியம். ரேகைகள் காம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓட வேண்டும், நடுவில் எங்காவது பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் அது பிளக்கும். நீங்கள் பார்த்த ஈட்டியின் காம்பில் கருப்புப் பெயின்ட் அடித்திருக்கிறது, ரேகையே தெரியவில்லை. பெயின்ட் அடித்த காம்பை நான் வாங்க மாட்டேன். ஆளிவிதை எண்ணெய் மட்டும் பூசிய வெறும் மரமாகக் கேட்டு வாங்குங்கள். நீளம் உங்கள் உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். ஜெர்மனியின் ஷோனிங்கனில் 1990களில் தோண்டியெடுத்த பழங்கால மர ஈட்டிகள் ஏறத்தாழ 1.8 மீட்டர் முதல் 2.5 மீட்டர் வரை நீளம், பெரும்பாலும் ஸ்புரூஸ் மரத்தில் செய்தவை. குறைந்தது இரண்டு லட்சம் வருடப் பழமையானவை. அந்த மனிதர்கள் கண்டுபிடித்த அளவில் மாற்ற வேண்டியது பெரிதாக எதுவும் இல்லை.

கடைசியாக ஒன்று. எந்த ஈட்டியும் கடையிலிருந்து போதுமான கூர்மையோடு வருவதில்லை. அரமும் சாணைக்கல்லும் சேர்த்து வாங்குங்கள். ஈட்டியும் அம்பும் கொல்வது ரத்தம் வெளியேறுவதால்தான், துப்பாக்கிக் குண்டு போல அதிர்ச்சியால் அல்ல. மழுங்கிய அலகு ரத்தக்குழாயை அறுக்காமல் தள்ளிவிட்டுப் போகும்.

கேள்வி: இதெல்லாம் சட்டப்படி சரிதானா? கடையில் தாராளமாக விற்கிறார்களே.

பதில்: விற்பது வேறு, வேட்டைக்குப் பயன்படுத்துவது வேறு. ஈட்டியை வைத்திருக்க அனுமதிக்கும் நாடே அதனால் மானைக் கொல்வதைத் தடுக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991ஆம் ஆண்டின் மான் சட்டம் அம்பு, ஈட்டி இரண்டையும் மானுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டையே குற்றம், எந்த ஆயுதம் என்ற பேச்சுக்கே இடமில்லை, முயற்சி செய்வதும் வேட்டை என்றே கொள்ளப்படும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: அலபாமாவில் ஈட்டிக்கு இடம் உண்டு, மிசௌரியில் எறிகோலுக்கு உண்டு, பல மாநிலங்களில் இரண்டுக்கும் இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டாவில் 2016இல் ஒருவர் கரடியை ஈட்டியால் குத்திய காணொளி பரவி, எதிர்ப்பு கிளம்பி, மாகாண அரசு ஈட்டி வேட்டையைத் தடை செய்யப்போவதாக அறிவித்தது. அதனால் போன வருட விதியை நம்பாமல், இந்த வருட விதிப் புத்தகத்தில் "அனுமதிக்கப்பட்ட முறைகள்" என்ற பகுதியைப் படியுங்கள். அங்கே உங்கள் ஆயுதத்தின் பெயர் இல்லையென்றால் வனத்துறைக்கு எழுதிக் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அதற்குப் பிறகு பணத்தை எடுங்கள்.

கேள்வி: "20 மீட்டரில் மானை வீழ்த்தும் எறியீட்டி" என்று ஒரு விளம்பரம். ஆய்வே இருக்கிறது என்கிறார்கள். உண்மையா?

பதில்: ஆய்வு உண்மை, அதை வைத்துச் செய்யும் விளம்பரம் சரியில்லை. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் பயிற்சி பெற்ற ஈட்டியெறி வீரர்களிடம் ஷோனிங்கன் ஈட்டியின் நகல்களைக் கொடுத்து எறியச் சொன்னார்கள், 20 மீட்டர் தூரத்தில் இருந்த இலக்கிலும் பட்டது. ஆனால் எறிந்தவர்கள் வீரர்கள், இலக்கு அசையாதது.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நன்றாக எறிந்த கனமான ஈட்டி நொடிக்கு 20 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 மீட்டரைக் கடக்க முக்கால் நொடி. கை அசைந்த சத்தம் அதற்கு எவ்வளவோ முன்பே மானின் காதில் விழுந்துவிடும். பாய்வதற்காக மான் முதலில் உடலைக் கீழே தாழ்த்தும், நீங்கள் குறிவைத்த நுரையீரல் இருந்த இடத்தில் இப்போது முதுகு இருக்கும், அல்லது மானே இருக்காது, அல்லது மிக மோசமாக, வயிறு இருக்கும். 5 மீட்டரில் அதே ஈட்டிக்குக் கால் நொடிதான் வேண்டும். ஆகவே தரையில் நின்று எறிவதென்றால் ஐந்தாறு மீட்டருக்கு மேல் எறியாதீர்கள். அந்தத் தூரத்துக்கு மான் வரும்வரை அசையாமல் காத்திருக்க முடியாதவர்கள் இந்த வேட்டைக்கு வர வேண்டாம், கடுமையாகவே சொல்கிறேன்.

பரணில் உட்கார்ந்து நேர் கீழே வரும் மான்மேல் இறக்குவது இதைவிட நம்பகமான முறை. ஈட்டியின் எடையே வேலை செய்யும், குறியும் எளிது. அதற்குக் கனமான ஈட்டி வேண்டும், இலேசான எறியீட்டி உதவாது. பரணுக்குப் பாதுகாப்பு வார் இல்லாமல் ஏறாதீர்கள், ஈட்டியைக் கையில் பிடித்தபடியும் ஏறாதீர்கள். மேலே போய் உட்கார்ந்து, அலகுக்கு உறை போட்ட ஈட்டியைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளுங்கள். இந்த உறையைப் பல கடைகள் தனியாகத்தான் விற்கின்றன, வாங்கும்போதே கேளுங்கள்.

கேள்வி: அலகுக்குக் கீழே இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஈட்டி மானுக்கு நல்லதா?

பதில்: அது காட்டுப்பன்றிக்கானது. குத்துப்பட்ட பன்றி காம்பு வழியாகவே முன்னேறி உங்களிடம் வரும், அதைத் தடுத்து நிறுத்தத்தான் அந்தக் குறுக்குக் காதுகள். மான் அப்படி வராது. மானுக்கு மட்டும் என்றால் அந்த எடைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கேள்வி: எறிகோல் வாங்க எண்ணம். அட்லாட்டில் என்று தேடினால் வேலைப்பாடு நிறைந்த கோல்கள் வருகின்றன, எதை எடுப்பது?

பதில்: கோலில் பணத்தைக் கொட்டாதீர்கள். கோல் என்பது நுனியில் கொக்கி உள்ள ஒரு குச்சி, கை நீளத்தைக் கூட்டிக் கொடுப்பதுதான் அதன் வேலை. பொறுமை இருந்தால் நீங்களே செதுக்கிக்கொள்ளலாம். பணம் போக வேண்டியது எறியும் அம்புகளுக்கு. அவை பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளம் இருக்கும், எறியும்போது வளைந்து நிமிர வேண்டும். விறைப்பான கம்பை எறிகோலில் வைத்து எறிந்தால் பின்பக்கம் சரிந்து குறி தவறும். வாங்கும்போது அம்பின் முனையை ஒரு பலகையில் ஊன்றி, பின்னிருந்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். எல்லா அம்பும் ஏறத்தாழ ஒரே அளவு அழுத்தத்தில் வளைய வேண்டும், எடையும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

எறிகோலில் 250 மீட்டருக்கு மேல் எறிந்து 1995இல் சாதனை படைத்திருக்கிறார்கள். தூரத்துக்கென்றே செய்த இலேசான அம்பில் செய்தது அது. வேட்டை அம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அந்த எண்ணைக் காட்டி விற்றால் ஏமாறாதீர்கள்.

கேள்வி: பழைய மரவில் ஒன்று கைமாற்றாகக் கிடைக்கிறது. இழுவிசை 60 பவுண்டு என்கிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: முதலில் நாணை ஏற்றச் சொல்லி வில்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒற்றைக் கண்ணால் பாருங்கள். நாண் வில்லின் நடுவே நேராகப் போக வேண்டும், வில்லின் கை (பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி) முறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டாம். பிறகு உங்கள் முகத்தைப் பார்க்கும் உட்பக்கத்தில் விரலை ஓட்டுங்கள். குறுக்காக மெல்லிய சுருக்கம் போன்ற கோடுகள் தட்டுப்பட்டால் மரம் அழுத்தத்தில் நொறுங்கத் தொடங்கிவிட்டது, அந்த வில் என்றைக்காவது முகத்துக்கு நேரே உடையும். மெல்லிய பலகைகளை ஒட்டிச் செய்த வில்லென்றால் ஒட்டு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். அம்பு இல்லாமல் இழுத்து விட்டுக் காட்ட விற்பவர் முயன்றால் தடுத்துவிடுங்கள், அதிலேயே வில் போய்விடும்.

60 பவுண்டு என்பது வழக்கமாக 28 அங்குலம் இழுத்தால் வரும் அளவு. நீங்கள் 26 அங்குலம் இழுப்பவரென்றால் அங்குலத்துக்கு இரண்டு மூன்று பவுண்டு குறையும். அதில் நஷ்டமில்லை, உண்மையில் முதல் வில்லாக 60 அதிகம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மானுக்குக் குறைந்தபட்சம் 35 அல்லது 40 பவுண்டு என்றுதான் விதி. 45 பவுண்டு வில்லை அமைதியாக இழுத்து நிறுத்திக் குறிபார்ப்பவர், 60ஐ நடுங்கிக்கொண்டே இழுப்பவரைவிடச் சுத்தமாகக் கொல்வார். பவுண்டுக்குப் பத்து கிரெயின் (அம்பை நிறுக்கும் சிறிய எடை அளவு) என்ற பழைய கணக்கில் அம்பின் எடையை வையுங்கள், 45 பவுண்டுக்கு 450 கிரெயின். முனைக்கு இரட்டை அலகு போதும், பட்டதும் விரியும் முனைகள் மரவில்லுக்கு ஆகாது, விரிவதற்கே விசையில் ஒரு பகுதி போய்விடும். பழைய மரவில்லுக்குச் சற்று நீளும் டேக்ரான் நாண்தான். நீளாத நவீன நாணைப் போட்டு வில்லின் முனையைப் பிளந்துகொள்ளாதீர்கள்.

கேள்வி: கல்முனை அம்பு வாங்கலாமா?

பதில்: எரிமலைக் கண்ணாடிக் கல்லின் விளிம்பு இரும்பைவிடக் கூர்மையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் எலும்பில் பட்டால் சிதறும், சில்லுகள் இறைச்சியில் தங்கும். உலோக முனை மட்டுமே செல்லும் என்று விதி உள்ள இடங்களும் உண்டு. இலக்கு பயிற்சிக்கும் அழகுக்கும் வாங்குங்கள்.

கேள்வி: வாங்கிய ஈட்டியின் அலகு முதல் நாள் பயிற்சியிலேயே ஆடத் தொடங்கிவிட்டது. "அது அலங்காரப் பொருள்" என்று திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். தலைப்பில் வேட்டைக்கு என்றுதான் இருந்தது.

பதில்: விற்பனைப் பக்கத்தை இப்போதே படம் எடுத்து வையுங்கள், நாளைக்குத் தலைப்பை மாற்றிவிடுவார்கள். எதற்கென்று சொல்லி விற்றார்களோ அதற்கு உதவாத பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை பல நாடுகளின் நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது, சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டு அதிலிருந்து எளிதில் நழுவிவிட முடியாது. அலகு ஆடுவதைக் காணொளியாக எடுங்கள், பசை போட்டு நீங்களே ஒட்டிவிடாதீர்கள், ஒட்டினால் பழுதை நீங்கள் உண்டாக்கியதாகச் சொல்வார்கள். பேச்சு முழுவதும் எழுத்தில் இருக்கட்டும். அட்டையில் பணம் கட்டியிருந்தால் அந்தக் கட்டணத்தை மறுத்து வங்கியில் புகார் பதிவு செய்யக் காலக்கெடு உண்டு, விற்பவர் இழுத்தடித்து அதைக் கடத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விற்பனைத் தளத்தில் நட்சத்திரம் போடும்போது அலகு சேரும் இடத்தின் படத்தையும் போடுங்கள், அடுத்து வாங்குபவருக்கு அது உதவும்.

கேள்வி: ஈட்டி வாங்கிவிட்டேன், வேறு என்ன வாங்க வேண்டும்?

பதில்: நல்ல கைவிளக்கும், வழியில் அடையாளம் கட்ட நிற நாடாவும். நெஞ்சில் சரியாகப் பட்ட மானே கொஞ்ச தூரம் ஓடித்தான் விழும். உடனே பின்னால் ஓடாதீர்கள், அரைமணி நேரம் இருந்த இடத்திலேயே இருங்கள். அலகில் பச்சையோ நாற்றமோ இருந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது, குறைந்தது ஆறு மணி நேரம் விட்டுத்தான் தேட வேண்டும், துரத்தினால் இன்னும் தூரம் போய்க் கிடைக்காமலே செத்துப்போகும். தேடல் நாயைப் பயன்படுத்த உங்கள் பகுதியில் அனுமதி உண்டென்றால், நாய் வைத்திருப்பவரின் தொலைபேசி எண்ணைக் காட்டுக்குப் போகும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.