கத்தி தேயும்

கேள்வி: 22 வருடம் ராணுவத்தில் இருந்தவன் நான். காட்டில் தனியாகச் சிக்கி உயிர்பிழைக்கும் நாவல்களைப் படித்துவிட்டு, பிடியில் திசைகாட்டி வைத்த கத்தி வேண்டும் என்கிறான் பேரன். நாவல் எல்லாம் புளுகு, போர்க்கள நினைவுக் குறிப்புகள்தான் உண்மை என்கிறேன் நான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
முன்னாள் ராணுவ வீரர், வேலூர் மாவட்டம்

பதில்: 'உயிர்பிழைக்கும்' என்று எழுதியிருக்கிறீர்களே ஐயா, அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். பிழை என்றால் குற்றம், பிழைத்தல் என்றால் உயிரோடு மிஞ்சுவது. தப்பு என்றால் தவறு, தப்புவது என்றால் மீள்வது. தமிழ் இரண்டு முறை இதைச் செய்திருக்கிறது. ஒரு புத்தகம் உண்மையா புளுகா என்று பார்க்க நான் வைத்திருக்கும் உரைகல்லும் இதுதான்: அதில் தப்பு நடக்கிறதா?

1719இல் டேனியல் டீஃபோ எழுதிய ராபின்சன் குரூசோ நாவல்தான். ஆனால் கப்பல் உடைந்து ஆளில்லாத் தீவில் ஒதுங்கிய குரூசோ ஒரு பெரிய மரத்தை வெட்டி, மாதக்கணக்கில் குடைந்து படகு செய்கிறான். தண்ணீர் 100 கஜத்தில் இருக்கிறது. படகை அசைக்க முடியவில்லை! அதைப் படித்தபோது எனக்குத் தோள் வலித்தது. இதையா புளுகு என்பது? டீஃபோ சலுகை காட்டியது வேறு இடத்தில். வெறும் கத்தி, புகைக்குழாய், கொஞ்சம் புகையிலையோடு கரையேறியவனை உடைந்த கப்பலுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பி, கடைசி நடையில் ஒரு டஜன் கத்தியும் முள்கரண்டியும் எடுத்துவர வைத்துவிட்டார். நிஜத்தில் சிலிக்கு அப்பால் ஒரு தீவில் 1704 முதல் 1709 வரை தனியாக இருந்த மாலுமி அலெக்சாண்டர் செல்கிர்க்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவருடைய கத்தி முதுகு வரை தேய்ந்துபோனது. கரையில் கிடந்த இரும்பு வளையங்களை அடித்து மெலிதாக்கி, கல்லில் தேய்த்து வேறு கத்தி செய்துகொண்டார்.

போர்க்கள நினைவுக் குறிப்புகளுக்கு வருவோம். தளபதிகள் எழுதியவற்றில் பெரும்பாலும் வரைபடமும் அம்புக்குறியும்தான், தப்பே நடக்காது. இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் படை நடத்திய பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஸ்லிம் விதிவிலக்கு. இன்றைய நாகாலாந்தில் இருக்கும் கொஹிமாவுக்கு ஜப்பான் எவ்வளவு படை அனுப்பும் என்பதைக் குறைத்துக் கணித்துவிட்டேன் என்று 1956இல் வெளிவந்த தன் புத்தகத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அதற்காகவே அவரை நம்புகிறேன்.

ஆனால் எனக்கு நெருக்கமானவர் யூஜீன் ஸ்லெட்ஜ். அதே போரில் பசிபிக் தீவுகளான பெலலியூவில் 1944இலும் ஒகினாவாவில் 1945இலும் ஜப்பானியரோடு சண்டையிட்ட அமெரிக்க மரைன், சாதாரணச் சிப்பாய். புதிய ஏற்பாட்டுப் பிரதிக்குள் குறிப்பெழுதி வைத்து, 1981இல்தான் புத்தகமாக வெளியிட்டார். அவர்களிடம் இருந்தது கேபார் என்கிற 7 அங்குலக் கத்தி. அதை வைத்துச் சிலர் எதிரிப் பிணங்களிலிருந்து தங்கப்பல்லைப் பெயர்க்கிறார்கள். ஒருநாள் ஸ்லெட்ஜும் கத்தியை உருவிக்கொண்டு குனிகிறார். பக்கத்தில் இருந்த மருத்துவ உதவியாளர், வேண்டாம், கிருமி ஒட்டிக்கொள்ளும் என்று தடுக்கிறார். தன்னிடம் மிச்சமிருந்த மனிதனைக் காப்பாற்றத்தான் கிருமி என்று சொன்னார் என்பது ஸ்லெட்ஜுக்குப் பிறகுதான் விளங்குகிறது. செய்யப் போன காரியத்தை மறைக்காமல் எழுதினாரே, அது பெரிய மனசு.

கத்தி என்றதும் கூர்க்கா கத்தியும் வந்துவிடும். குக்ரியை உருவினால் ரத்தம் பார்க்காமல் உறையில் போடக் கூடாது என்று இந்தப் பக்கத்துக்குக் கடிதம் வருவது நிற்கவில்லை. நானும் மறுப்பதை நிறுத்தப்போவதில்லை. நேபாளத்து வீட்டில் விறகு பிளப்பதும் கறி வெட்டுவதும் அதே குக்ரிதான். ஒவ்வொரு தடவையும் ரத்தம் பார்த்தாக வேண்டுமென்றால் கீரை நறுக்கும் நாளில் அந்த வீட்டம்மா எந்த விரலைக் கொடுப்பார்? எங்கள் தாய்மாமா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த குக்ரி வெட்டியதெல்லாம் பலாப்பழம். வெட்டி முடித்ததும் அலகில் ஒட்டிய பாலை நல்லெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வைப்பார்.

சரி, பேரனுக்கு. திசைகாட்டிக் கத்தி வேண்டாம். தீக்குச்சியும் தூண்டில்முள்ளும் வைப்பதற்காகப் பிடியைக் குழாயாக்கி, அலகைக் கழுத்தோடு நிறுத்தியிருப்பார்கள். ஓங்கிப் போட்டால் அங்கேதான் முறியும். பிடியின் கடைசி வரை ஒரே இரும்பாக ஓடுகிற, 4 அங்குல அலகுள்ள கத்தி போதும். கூடவே ஒரு சாணைக்கல். தீட்ட நீங்களே கற்றுக்கொடுங்கள். முதல் வாரத்தில் எப்படியும் விரலைக் கீறிக்கொள்வான். அப்போது பக்கத்தில் இருங்கள்.