அப்படியே நடந்தது என்பது போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் முதல் நாவலை நண்பர்கள் சிலரிடம் படிக்கக் கொடுத்தேன். பெரியப்பா எங்கள் குடும்பத்தை ஏமாற்றிச் சொத்தை எடுத்துக்கொண்ட கதை. எல்லாமே நடந்தது, பேச்சுகூட அப்படியே. ஆனால் “நம்பும்படி இல்லை” என்கிறார்கள். ஒருவர் “இது யதார்த்தவாதம் இல்லை, வெறும் இயல்புவாதம்” என்றார். இன்னொருவர் யதார்த்தவாதத்தின் காலமே முடிந்துவிட்டது, நடக்க முடியாததையும் நடந்ததுபோல இயல்பாகச் சொல்லும் மாய யதார்த்தத்துக்கு வா என்கிறார். குழம்பிப்போயிருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுவதைத் தவிர யதார்த்தவாதம் வேறென்ன?

ச.

அன்புள்ள ச.,

நாவலைப் படிக்காமல் நண்பர்கள் சொன்னது சரியா தவறா என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடைசிக் கேள்வி முக்கியமானது. எழுதத் தொடங்கும் பலரும் அந்த இடத்தில்தான் தட்டுப்பட்டு நிற்கிறார்கள்.

“அப்படியே நடந்தது” என்பது சாட்சி சொல்பவருக்கு உதவும், நாவலாசிரியருக்கு உதவாது. வாசகருக்கு உங்கள் பெரியப்பாவைத் தெரியாது. அவர் கையில் இருப்பது பக்கங்கள் மட்டும்தான். நம்பிக்கை அதற்குள்ளேயே பிறந்தாக வேண்டும்.

யதார்த்தவாதம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரின் ‘மேடம் பொவாரி’. 1856இல் தொடராக வந்து, மறு ஆண்டு ஒழுக்கக்கேடு என்று வழக்கைச் சந்தித்து, விடுதலையான நாவல். அதில் விவசாயக் கண்காட்சி ஒன்று வருகிறது. கீழே மைதானத்தில் அதிகாரிகள் பேசுகிறார்கள், பரிசுகளை அறிவிக்கிறார்கள். மாடியில் ஜன்னலோரம் ரொடால்ஃப், மணமானவளான நாயகி எம்மாவிடம் காதல் மொழி பேசுகிறான். போய்விடலாம் என்று எத்தனையோ முறை நினைத்தும் உங்கள் பின்னாலேயே வந்துவிட்டேன் என்று அவன் உருகும் நேரம் பார்த்துக் கீழிருந்து குரல் வருகிறது: “எரு!” எருவுக்கான பரிசை அறிவிக்கிறார்கள்.

நிஜக் கண்காட்சி எதிலும் இரண்டு பேச்சுகள் இவ்வளவு கச்சிதமாகப் பின்னிக்கொள்ளாது. ஒவ்வொரு வரியும் பார்த்துப் பார்த்துக் கோத்தது. ஆனால் இவன் பொய் சொல்கிறான் என்று ஃப்ளோபேர் ஓரிடத்திலும் குறுக்கே வந்து சொல்வதில்லை. நாமே கண்டுகொள்கிறோம், நாமே கண்டுகொண்டதால் நம்புகிறோம். யதார்த்தவாதம் ஒரு கலைவடிவம் என்பதற்கு இந்த ஒரு காட்சி எனக்குப் போதும். (ஃப்ளோபேருக்கு யதார்த்தவாதி என்ற முத்திரையே பிடிக்காது என்பது வேறு விஷயம்.)

ஓர் இயக்கமாக யதார்த்தவாதத்துக்கு ஓவியத்தோடு நெருங்கிய உறவு உண்டு. 1855இல் ஓவியர் கூர்பே பாரிஸில் தனி அரங்கு போட்டுத் தன் படங்களை ‘யதார்த்தவாதம்’ என்ற பெயரில் காட்சிக்கு வைத்தார். குடியானவர்களும் வேலைக்காரர்களும் முழுக் கவனத்தோடு பார்க்கப்பட வேண்டியவர்கள் என்ற எண்ணம் அதில் இருந்தது. அதுவரை கலையில் அவர்கள் பெரும்பாலும் ஓரத்தில் நின்றார்கள், இல்லையென்றால் சிரிப்பு மூட்டினார்கள்.

அப்புறம் பிரெஞ்சு நாவலாசிரியர் ஸோலா வருகிறார். மனிதனைப் பரம்பரையும் சூழலும் எப்படி உருவாக்குகின்றன என்று நாவலில் சோதித்துப் பார்க்கலாம் என்றார். இதுதான் இயல்புவாதம். உங்கள் நண்பர் அதற்கு முன்னால் ‘வெறும்’ போட்டது எனக்கு உடன்பாடில்லை. ‘ஜெர்மினல்’ எழுதுவதற்காக 1884இல் ஸோலா நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். அந்த நாவலில் பத்தாண்டுகளாகச் சூரியனையே காணாமல் நிலத்தடியில் வண்டி இழுக்கும் குதிரை ஒன்று உண்டு. தான் பிறந்த இடத்தின் ஆலையும் வெளிச்சமும் அதற்கு மங்கலாக நினைவில் இருக்கின்றன. ஸோலாவின் கோட்பாட்டுக்கு அந்தக் குதிரையின் ஏக்கம் தேவையே இல்லை. ஆனால் எனக்கு அந்த நாவலின் உயிர் அதில்தான் இருக்கிறது.

இதற்கு எதிர்முனையில் சோஷலிச யதார்த்தவாதம். 1934இல் சோவியத் எழுத்தாளர் மாநாடு அதை அதிகாரபூர்வக் கொள்கையாக்கியது. எழுத்தாளர் யதார்த்தத்தை அதன் புரட்சிகர வளர்ச்சிப்போக்கில் காட்ட வேண்டும் என்றது. முடிவு முன்பே தெரிந்துவிட்ட பிறகு பாத்திரங்களுக்கு என்ன வேலை? இத்தனைக்கும் மார்க்ஸின் தோழரான எங்கெல்ஸே 1888இல் ஒரு கடிதத்தில் இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்லியிருக்கிறார். பிரெஞ்சு நாவலாசிரியர் பால்ஸாக் மன்னராட்சியின் பக்கம் நின்றவர், அவருடைய அனுதாபமெல்லாம் பிரபுக்களிடம். ஆனால் அவர்கள் வீழ்வதைத் தவிர வேறு வழியில்லை என்பதை அவருடைய நாவல்களே காட்டிவிட்டன. இதை யதார்த்தவாதத்தின் பெரிய வெற்றி என்றார் எங்கெல்ஸ்.

நானும் இதைத்தான் உரைகல்லாக வைத்திருக்கிறேன். எழுதியவரின் கட்சியை, கோபத்தை, ஆசையை மீறி அவர் காட்டும் வாழ்க்கை எழுந்து நிற்கிறதா? நின்றால் அது யதார்த்தவாதம். எந்த வகை என்பது அதற்குப் பிந்திய கேள்வி.

மனதுக்குள் நடப்பதைக் காட்டும் உளவியல் யதார்த்தவாதம் என்பதையும் இப்படியே பாருங்கள். டால்ஸ்டாயின் நாவலில், விரான்ஸ்கி என்பவனைச் சந்தித்து அவன்பால் ஈர்க்கப்பட்டு ஊர் திரும்பும் அன்னா கரேனினா ரயில் நிலையத்தில் கணவனைப் பார்க்கிறாள். இவருக்குக் காது ஏன் இப்படி இருக்கிறது என்று தோன்றுகிறது. காது என்றும் போலத்தான் இருக்கிறது. அவளுக்குள் நடந்துவிட்ட மாற்றம் அவளுக்கே தெரிவதற்கு முன்னால் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

மாய யதார்த்தம் சுலபமான மாற்றுவழி என்று நினைத்துவிட வேண்டாம். 1967இல் வந்த, கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸின் ‘நூறாண்டுத் தனிமை’யில், இறந்த மகனின் ரத்தம் தெருக்களைக் கடந்து தாயின் வீட்டுக்கு வருகிறது. கம்பளங்கள் கறைபடாதபடி சுவரோரமாக ஒதுங்கிப் போகிறது, சாப்பாட்டு மேசையைச் சுற்றிக்கொள்கிறது. ரொட்டி செய்ய முப்பத்தாறு முட்டைகளை உடைக்கத் தயாராகும் தாய் உர்சுலாவிடம் போய்ச் சேருகிறது. கம்பளமும் முட்டைக் கணக்கும் யதார்த்தவாதிகள் சேர்த்துவைத்த சொத்து. அவை இல்லாவிட்டால் அந்த ரத்தத்தை யார் நம்புவார்கள்? யதார்த்தவாதம் காலாவதியாகிவிட்டது என்பவர்கள் அந்தப் பக்கத்தைத் திரும்பப் படிக்கட்டும்.

சரி, உங்கள் நாவலுக்கு வருவோம். கடிதத்தில் பெரியப்பா ஒரே ஒரு வரியில் வருகிறார், ஏமாற்றியவராக. நாவலிலும் அவர் அப்படி மட்டுமே வருகிறாரா? அவர் தனியாக இருக்கும் காட்சி ஏதாவது உண்டா? பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய இரவு அவர் தூங்கினாரா, தன் மனைவியிடம் என்ன சொன்னார், தான் செய்தது நியாயம் என்று எதை வைத்து நம்பினார்? இதெல்லாம் நீங்கள் பார்த்திருக்க முடியாது, கற்பனைதான் செய்ய வேண்டும். உங்கள் தரப்பைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு அந்த ஓர் அத்தியாயத்தை எழுதிப் பாருங்கள். அதன் பிறகு மற்ற அத்தியாயங்களில் அடிக்க வேண்டிய வரிகள் உங்களுக்கே தெரியும். எழுதி முடித்ததும் அனுப்புங்கள், படிக்கிறேன்.