ஆர்வம் முதலா, வாசிப்பு முதலா? – கேள்வி பதில்

மூன்றாம் வகுப்புப் பையன். புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்கிறான். ஆர்வம் வந்தால் தானாகப் படிப்பான் என்கிறார்கள். காத்திருக்கலாமா மேடம்? (ஒரு அம்மா)

வேண்டாம்மா. ஆர்வமும் வாசிப்பும் ஒன்றையொன்று வளர்க்கும், சரி. ஆனால் 2020ல் ஆய்வாளர் ஜெசிகா டோஸ்ட் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆர்வத்தால் வாசிப்பு வளர்வதைவிட, நன்றாக வாசிக்க வந்ததால் பின்னால் ஆர்வம் வருவதே வலுவாகத் தெரிந்தது. ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். உயிர்மெய் எழுத்திலேயே திக்கினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். முடியாததைத்தான் பல பிள்ளைகள் பிடிக்கவில்லை என்று சொல்கிறார்கள்.

ஒரு புத்தகம் முடித்தால் சாக்லேட் என்று சொல்லலாமா?

ஏற்கெனவே விரும்பிப் படிக்கிற பிள்ளையிடம் இந்தப் பேரம் வேண்டாம். 1973ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும், வரைவதில் ஆசையுள்ள நர்சரிக் குழந்தைகளிடம் சான்றிதழ் தருவதாக முன்பே சொல்லி வரையவிட்டார்கள். பிறகு அவர்கள் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை.

என் வகுப்பில் எல்லோரும் அமைதியாகக் கவனிக்கிறார்கள். வாசிப்பு மட்டும் ஏறவில்லை. (தொடக்கப்பள்ளி ஆசிரியர்)

அமைதியாக இருப்பதை ஈடுபாடு என்று எடுத்துக்கொள்ள முடியாது சார். அமெரிக்காவில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் ஜான் கத்ரி, ஆலன் விக்ஃபீல்ட் குழு 1990களில் வாசிப்பையும் அறிவியலையும் சேர்த்து ஒரு பாடமுறை வகுத்தது. பிள்ளைகள் முதலில் ஓர் உயிரினத்தை நேரில் கவனிப்பார்கள், தாங்களே கேள்வி எழுப்புவார்கள். அப்புறம்தான் புத்தகம். எதை எடுப்பது என்பதிலும் அவர்களுக்கு உரிமை உண்டு, தேடுவது குழுவாக. கேள்வி கேட்பது, சுருக்கிச் சொல்வது போன்ற உத்திகளையும் ஆசிரியர் நேரடியாகச் சொல்லிக்கொடுப்பார். இதை விட்டுவிட்டு வெறும் உற்சாகத்தை நம்பினால் ஒன்றும் நடக்காது. 2004ல் வெளியான ஆய்வில், உத்திகளை மட்டும் கற்ற மூன்றாம் வகுப்புகளைவிட இந்த வகுப்புகள் புரிதலில் முந்தின.

நீங்கள் பள்ளி வளாகத்து எறும்புப் புற்றிலிருந்தே தொடங்கலாம். தயவுசெய்து நூலக அலமாரியைப் பூட்டி வைக்காதீர்கள்!

வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எடுபடுமா?

பல நாடுகளின் 15 வது வயது மாணவர்களுக்கு நடத்தப்படும் பீசா (PISA) தேர்வின் 2000ஆம் ஆண்டு முடிவைப் பாருங்கள். பெற்றோரின் தொழில்நிலை மிகத் தாழ்ந்திருந்தும் வாசிப்பில் தீவிர ஈடுபாடு கொண்ட பிள்ளைகளின் சராசரி வாசிப்பு மதிப்பெண் 540. உயர்ந்த தொழில்நிலைப் பெற்றோர் இருந்தும் ஈடுபாடு குறைந்தவர்களுக்கு 491. இது சோதனை அல்ல, ஒப்பீடுதான். ஈடுபாடே காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. வீட்டு வசதியே விதி என்றும் சொல்ல முடியாதல்லவா?

காமிக்ஸ் மட்டும்தான் படிக்கிறாள்.

படிக்கட்டும். அடுத்த முறை கடையில் அவளே தேர்ந்தெடுக்கட்டும்.