கோயில் எண்ணெய் குடித்த கரடியும் வீடு திரும்பிய யானைகளும்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

மலைப்பக்கத்து விசித்திரச் செய்திகள், காட்டு விலங்குகளோடு நடந்த சந்திப்புகள் என்று எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் சொன்னாலும் சொன்னோம், பாதிக் கடிதம் கரடி, மீதி யானை. ஒரே ஒருவர் மட்டும் கோத்தகிரியில் வீட்டு மனை என்ன விலை என்று கேட்டிருக்கிறார். அவர் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

ஒரு வாசகி, ஈரோடு: நீலகிரியில் கரடி கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போனது என்று வருஷத்துக்கு நாலு தடவையாவது செய்தி வருகிறது. நிஜமாகவே குடிக்கிறதா, நிருபர் கதை விடுகிறாரா?

நிஜம்தான் அம்மா. குன்னூர், கோத்தகிரி பக்கத்தில் இது செய்தி என்கிற தகுதியையே இழந்துவிட்டது. பூசாரி காலையில் வந்து பார்த்தால் கதவு பெயர்ந்து கிடக்கும், எண்ணெய் டின் உருண்டு கிடக்கும், உண்டியல் மட்டும் அப்படியே இருக்கும். திருடன் இல்லை என்று அதை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

நம் ஊர்க் கரடியின் அன்றாடச் சாப்பாடு கறையானும் எறும்பும். அதற்காகவே வாய் தனி மாதிரி. மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் கிடையாது, அந்த இடைவெளி வழியாகப் புற்றிலிருந்து கறையானை 'உர்ர்' என்று உறிஞ்சி எடுக்கும், அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். கூடவே தேன், நாவல், இலந்தை, பலா. இப்படி ஒரு பிராணிக்குக் கொழுப்பும் இனிப்பும் ஒரே இடத்தில், தோண்டாமல், ஏறாமல், தேனீ கொட்டாமல் கிடைத்தால் விடுமா? எண்ணெய், நெய், வெல்லம் வைத்திருக்கும் கோயில், அங்கன்வாடி, பேக்கரி எல்லாம் அதன் மூக்குக்கு ஒன்றுதான். மோப்பம் அபாரம், கண்ணும் காதும் சுமார்.

ஆபத்தே அந்தச் சுமாரில்தான் இருக்கிறது. தேயிலைக்குள் தலையைக் குனிந்து வேலையாக இருக்கும் கரடிக்கு நீங்கள் பத்தடி தூரத்தில் வரும்வரை தெரியாது, தெரிந்ததும் பயந்து பாயும். குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு போகிற தாய் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் எங்கள் பக்கம் விடிகாலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டே போவார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து மலைக்காரர்கள் வாயாடிகள் என்று நினைத்துக்கொள்வது வேறு விஷயம்.

ஒரு வாசகர், மதுரை: கருஞ்சிறுத்தையும் சாதாரணச் சிறுத்தையும் ஒன்றாக ஒரு வீட்டு வாசலில் நடந்து போகிற வீடியோ வந்தது. இரண்டு வெவ்வேறு இனம் எப்படி ஒன்றாகத் திரியும்?

வெவ்வேறு இனமே இல்லை. இரண்டும் சிறுத்தைதான். ஒரு மரபணுக் கூறு தாய், தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் குட்டி கறுப்பாகப் பிறக்கும், ஒரே ஈற்றில் கறுப்பு ஒன்று, புள்ளி ஒன்று என்று பிறப்பதும் உண்டு. நல்ல வெயிலில் கிட்டத்தில் பார்த்தால் அந்தக் கறுப்புக்குள்ளும் புள்ளிகள் தெரியும் (கிட்டத்தில் போய்ப் பார்க்கச் சொல்லவில்லை). மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் இது அவ்வளவு அபூர்வமும் இல்லை. மாறியது என்னவென்றால் இப்போது வீட்டுக்கு வீடு கேமரா இருக்கிறது. முன்பு அது வந்து நாயைத் தூக்கிக்கொண்டு போகும், காலையில் 'நாயைக் காணோம்' என்று தேடுவோம், அவ்வளவுதான்.

ஒரு வாசகர், திருப்பூர்: காட்டு யானைக்கு யார் பெயர் வைக்கிறார்கள்? அப்புறம், பிடித்துக்கொண்டு போய் விட்ட யானை அதே ஊருக்கே திரும்பி வருவது எப்படி? வழி யார் சொல்லிக் கொடுத்தது?

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் வைப்பது ஊர்தான். ஒரு யானை ஒரே வாழைத்தோட்டத்துக்கு மூன்றாவது முறை வந்தால் அதற்குப் பெயர் விழுந்துவிடும். மேட்டுப்பாளையத்தில் பாகுபலி, மூணாறில் படையப்பா, தடாகத்தில் சின்னத்தம்பி, விநாயகன். மசினகுடியில் தும்பிக்கை நுனி அறுபட்ட ஒன்றுக்கு ரிவால்டோ, பிரேசில் கால்பந்துக்காரர் பெயர். சின்னக்கானலில் ரேஷன் கடைச் சுவரைப் பெயர்த்து அரிசி தின்றதற்கு அரிக்கொம்பன். மலையாளத்தில் அரி என்றால் அரிசி, நம் பத்திரிகைகள் அரிசிக்கொம்பன் என்றே எழுதின. மூத்த பாகன்கள் கொம்பில்லாத ஆண் யானையை மோழை என்பார்கள். செய்தியில் மக்னா என்றுதான் வரும்.

இனி வழி விஷயம். சின்னத்தம்பியை 2019 ஜனவரியில் கோவை தடாகத்தில் பிடித்து டாப்ஸ்லிப் பக்கம் வரகளியாற்றுக் காட்டில் விட்டார்கள். சில நாள்தான். இறங்கி நடக்க ஆரம்பித்து உடுமலைப்பேட்டை பக்கம் கரும்புக் காட்டுக்குள் வந்து நின்றது, ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது, யாரையும் தொடவில்லை. பிப்ரவரியில் மறுபடி பிடித்தார்கள். இந்த முறை காட்டுக்கு இல்லை, முகாமுக்கு. கும்கி ஆக்கினார்கள், அதாவது காட்டு யானையைப் பிடிக்கவும் விரட்டவும் பழக்கிய யானை.

ரிவால்டோ கதை இன்னும் சுருக்கம். 2021-இல் சில மாதம் மரக்கூண்டில் வைத்திருந்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, ஆகஸ்டில் முதுமலைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நடந்து ஒரே நாளில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. வந்த வேகத்தைப் பார்த்தால் இடையில் சாப்பிடவும் நின்றிருக்காது போலிருக்கிறது.

2022 டிசம்பரில் பந்தலூரில் பிடித்து முதுமலையில் விட்ட மக்னா, அடுத்த மாதமே கேரள எல்லை தாண்டி சுல்தான் பத்தேரி கடைத்தெருவில் உலாவியது. 2023 பிப்ரவரியில் தருமபுரிப் பக்கம் பிடித்து வரகளியாற்றில் விட்ட இன்னொரு மக்னா, பொள்ளாச்சி வழியாக நடந்து கோவை மாநகருக்குள்ளேயே வந்து சேர்ந்தது. இதில் எனக்கு மறக்கவே முடியாத விஷயம், தருமபுரியில் அந்த மக்னாவைப் பிடிக்கப் போன கும்கி சின்னத்தம்பி. ஆமாம், அதே சின்னத்தம்பி. பிடித்துப் போய் விட்ட இடத்தில் நிற்காமல் நடந்த யானையே, பிடித்துப் போய் விட்ட இடத்தில் நிற்காமல் நடக்கப்போகிற யானையைப் பிடித்துக் கொடுத்தது. சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டீர்கள்.

அரிக்கொம்பனைத்தான் எல்லாருக்கும் நினைவிருக்கும். 2023 ஏப்ரல் கடைசியில் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள், மே 27 காலையில் கம்பம் டவுனுக்குள் நடந்து வந்தது. 144 தடை உத்தரவு போட்டார்கள். அன்று யானையால் இருசக்கர வண்டியிலிருந்து தூக்கி வீசப்பட்ட ஒருவர் பிறகு இறந்துபோனார், அதனால் இதை வெறும் வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஜூன் 5-ஆம் தேதி மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறையின் மேல் கோதையாற்றுக் காட்டில் விட்டார்கள்.

வழி யார் சொன்னது என்றால், யாரும் சொல்லவில்லை, அதற்கே தெரியும். யானைக்கு வீடு என்பது ஒரு புள்ளி இல்லை, நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர். எந்த மாதம் எங்கே தண்ணீர், எந்தப் பள்ளத்தில் மூங்கில், எந்தத் தோட்டத்தில் கரும்பு என்று அதன் தலைக்குள் இருக்கிறது. கூட்டத்தை விட்டுப் பிரிந்த வாலிப ஆண் யானைதான் பெரும்பாலும் பயிருக்கு வரும். ஆபத்து அதிகம், ஆனால் ஒரு ராத்திரி கரும்பு தின்றால் காட்டில் நாள் கணக்கில் மேய்ந்த சத்து. இலங்கையில் இப்படிப் பிடித்து இடம் மாற்றிய 12 ஆண் யானைகளுக்குக் காலர் மாட்டித் தொடர்ந்து பார்த்து, 2012-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சில பழைய இடத்துக்கே திரும்பின, சில எங்கெங்கோ அலைந்தன, கொஞ்சம்தான் விட்ட இடத்தில் தங்கின. அலைந்தவை புதுப்புது ஊர்களில் புதுப்புதுச் சண்டையைக் கிளப்பின. அதாவது பிரச்சினையை லாரியில் ஏற்றிப் பக்கத்து மாவட்டத்தில் இறக்கியதுதான் மிச்சம். என்னைக் கேட்டால், யானை 'வழி தவறி ஊருக்குள் புகுந்தது' என்று எழுதுகிற தலைப்பை நிறுத்தினாலே பாதிக் குழப்பம் போகும். மேலே சொன்னவற்றில் எது வழி தவறியது, சொல்லுங்கள்?

ஒரு வாசகி, கும்பகோணம்: சரி, மயிலாடுதுறைக்குச் சிறுத்தை வந்ததே, அதுவும் வழி தெரிந்துதான் வந்ததா?

மாட்டிவிட்டீர்கள். 2024 ஏப்ரலில் நடந்த அது நிஜமாகவே விசித்திரம். நெல் வயலும் வாய்க்காலும்தான் ஊர், மலை கண்ணுக்கே எட்டாது, அங்கே செம்மங்குளம் பக்கம் சிசிடிவியில் சிறுத்தை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள், கூண்டு வைத்தார்கள், தானியங்கிக் கேமரா கட்டினார்கள், கூண்டுக்குள் ஆட்டைக் கட்டினார்கள். சிறுத்தை அகப்படவில்லை, ஆடுதான் பாவம் ராத்திரி முழுக்கக் கத்திக்கொண்டிருந்திருக்கும். அப்புறம் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் சிறுத்தை என்று செய்தி வந்தது. ஆற்றங்கரைக் காட்டாமணக்கும் நாணலும் ஒரு சிறுத்தை பகலில் படுத்துக்கிடக்கப் போதும். ராத்திரி நாய், பன்றி. மனிதன் பார்க்காமல் ஊருக்குள் வாழச் சிறுத்தையைப் போல இன்னொரு பெரிய பிராணி கிடையாது.

ஒரு வாசகர், சென்னை: குன்னூரில் தங்கியபோது விடுதி வாசலில் காட்டெருமை நின்றது. சாதுவாக இருந்ததால் செல்ஃபி எடுத்தேன். நண்பர்கள் திட்டுகிறார்கள். அது மாடுதானே?

நண்பர்கள் சரியாகத்தான் திட்டியிருக்கிறார்கள். மாடுதானே என்றால், ஆமாம், மாடுதான், எருமை இல்லை. காட்டெருமை என்று நாங்களே சொல்லிப் பழகிவிட்டோம், காட்டுமாடு என்பதே சரி. சங்கப் பாட்டில் ஆமா, ஆமான் என்று வருவதும் இதுவே. ஆனால் முழு வளர்ந்த காளை ஆயிரம் கிலோ வரை போகும், உங்கள் காரைவிடக் கொஞ்சம்தான் குறைச்சல். அது சாதுவாக நின்றது உங்களைப் பிடித்துப்போய் இல்லை, உங்களைக் கணக்கிலேயே எடுக்காததால். தலையைத் தாழ்த்தி மூச்சை 'புஸ்' என்று விட்டால் கணக்கில் எடுத்துவிட்டது என்று அர்த்தம்.

ஊருக்குள் ஏன் நிற்கிறது என்றால், புல். காட்டுக்குள் உண்ணிச்செடியும் சீகை மரமும் அடைத்துக்கொண்டு புல் முளைக்க இடமில்லை. தேயிலையை அது தொடாது, ஆனால் தேயிலைக்கு நடுவிலும் கோல்ஃப் மைதானத்திலும் பள்ளிக்கூட மைதானத்திலும் புல் இருக்கிறது. எங்கள் தெருவுக்கு ஒன்று மாலை ஆறு மணிக்கு வரும், ட்யூஷன் விட்டு வருகிற பிள்ளைகள் மேட்டில் ஒதுங்கி நின்று அது போன பிறகு இறங்குவார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, செல்ஃபியும் எடுப்பதில்லை.

ஒரு வாசகி, பொள்ளாச்சி: வால்பாறை ரோட்டில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. சிக்னல் என்று நினைத்து என் கணவர் பத்து நிமிஷம் பச்சை விழக் காத்திருந்தார். அது என்ன?

சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன். உங்கள் கணவர் செய்ததே சரி, அவரிடம் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் யானைக் கூட்டம் இருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை விளக்கு அது. வால்பாறையில் காடு துண்டு துண்டாகத்தான் இருக்கிறது, நடுவில் 220 சதுர கிலோமீட்டருக்குத் தேயிலையும் காப்பியும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளும். யானை ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்கு ராத்திரியில் கடக்கும், அதே நேரம் கடைசி பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு நடப்பவர்கள் இருட்டில் எதிரே போய் நிற்பார்கள். அங்கே நடந்த சாவுகளில் பலவும் இப்படித்தான். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காரர்கள் வனத்துறையோடு சேர்ந்து, யானை எங்கே நிற்கிறது என்று உள்ளூர் கேபிள் டிவியில் ஓடவிட்டார்கள், செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள், மேட்டில் இந்த விளக்கை வைத்தார்கள். விளக்கை ஊர்க்காரர்களே போன் மூலம் போடுவார்கள், அணைப்பார்கள். சாவு குறைந்தது. யானையை எங்கும் கொண்டுபோகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கோவை மதுக்கரையில் ரயில் பாதைக்கும் இப்படி ஒன்று, 2024-இல் வந்தது: 12 கோபுரம், வெப்பக் கேமரா, யானை தண்டவாளத்தை நெருங்கினால் ரயில்காரர்களுக்குத் தகவல்.

ஒரு வாசகர், ஏற்காடு: ராத்திரி ஓட்டு மேல் யாரோ நடக்கிறார்கள். காலையில் பார்த்தால் காப்பிக்கொட்டை சிதறிக் கிடக்கிறது. மனைவி பேய் என்கிறாள்.

மரநாய். காப்பிப் பழத்தைத் தின்று கொட்டையை அப்படியே கழித்துவிடும். நீங்கள் 'சிதறிக் கிடக்கிறது' என்று சொல்வது அதைத்தான், எனவே கையில் எடுக்காதீர்கள். வெளிநாட்டில் அதைக் கழுவி வறுத்துத் தங்க விலைக்கு விற்கிறார்கள் என்று உங்கள் மனைவியிடம் சொல்லிப் பாருங்கள், பேய் பயம் போனாலும் போகும்.

ஒரு வாசகர், திருச்சி: ஜூன் மாதம் கூடலூரில் ஒரு பண்ணை வீட்டில் தங்கினோம். வழியில் வாங்கிய பெரிய பலாப்பழத்தைக் காரின் பின்சீட்டில் வைத்துவிட்டுப் படுத்தோம். காலையில் கண்ணாடி உடைந்து பழம் போயிருந்தது. போலீசில் புகார் கொடுக்கலாமா?

பலா பழுக்கிற மாதத்தில் கூடலூர் யானைகள் மரம் மரமாக வந்து போகும், அங்கே தோட்டக்காரர்கள் பழுப்பதற்கு முன்னாலேயே காயாக வெட்டி இறக்கிவிடுவார்கள். நீங்கள் பழுத்ததை வாங்கி, வாசம் பரவக் கண்ணாடிக்குள் வைத்து, இருட்டில் நிறுத்தியிருக்கிறீர்கள். கரடியாகவும் இருக்கலாம். கதவில் நகக் கீறல் இருந்தால் கரடி, கதவே நசுங்கியிருந்தால் மற்றது. புகாரை வனத்துறையில் கொடுங்கள். இன்சூரன்ஸ்காரரிடம் மட்டும் 'பின்சீட்டில் பழம் இருந்தது' என்பதை நீங்களாகச் சொல்லாதீர்கள்.